மீன் விடுவதற்கு முன்

மேகமலைக்குப் போய்விட்டு வருகிறவர்களில் ஒருவராவது இதைக் கேட்டுவிடுவார்: "இம்புட்டுக் குளிர்ந்த தண்ணி சும்மாதான கெடக்கு, மூணாறு மாதிரி இங்கயும் ட்ரௌட் மீனை விட்டா என்ன?" சின்னமனூரில் வேர்த்து வழிய பஸ் ஏறி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மேலே போய் மப்ளர் தேடியவர் அவர். ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று தேயிலைக்கு நடுவே அடுத்தடுத்து நிற்கிற நீர்த்தேக்கங்களைப் பார்த்தால் யாருக்கும் அந்த ஆசை வரும். கரையில் ஒரு தூண்டில், கையில் ஒரு கட்டன்சாயா, தண்ணீரில் வெள்ளைக்காரன் மீன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தத் தண்ணீர் சும்மா கிடக்கிறது என்று நமக்கு யார் சொன்னது என்பதுதான் என் சந்தேகம்.

ட்ரௌட் இந்தப் பக்கம் வந்த கதை ஒரு ஊர் ஏக்கத்தின் கதை. 1863-ல் ஃபிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேய மருத்துவர் நீலகிரியில் அந்த மீனைக் குடியேற்றப் பார்த்தார். பின்னாளில் இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர் அவர். முட்டைகளைக் கப்பலில் கொண்டுவர வேண்டும், வெப்பம் தாக்காமல் மலையேற்ற வேண்டும். அந்த முயற்சி பலிக்கவில்லை. அதற்குப் பிறகும் விட்டுவிட்டு முயன்றார்கள். 1900-களின் முதல் பத்தாண்டில் எச். சி. வில்சன் வந்து அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் ட்ரௌட் நீலகிரி ஓடைகளில் வேர்பிடித்தது. அதன் பூர்வீகம் பசிபிக் கடலோர அமெரிக்கா. மூணாறுத் தேயிலைத் துரைமார்களும் தங்கள் மலைக்கு அதைக் கொண்டுவந்தார்கள். போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை தாண்டிப் போனால் வருகிற மலை அது. ராஜமலையில் குஞ்சு பொரித்தார்கள், தூண்டில்காரர்களுக்கென்று ஒரு சங்கமே வைத்துக்கொண்டார்கள். இறகைச் சுற்றிச் செய்த பொய் ஈயை நீர்மேல் வீசி, பிடித்த மீனின் நீளத்தை இரவு கிளப்பில் சொல்லி மகிழ்ந்தார்கள்.

  

துரைமார்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. மலேயாவுக்கும் பிஜிக்கும் கப்பலேறிய நம் ஆட்களும் போன இடத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்த்தவர்கள்தான். பிறந்த ஊரின் ருசி நாக்கை விட்டுப் போவதில்லை. அதோடு, கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த ஒருவன் 'வந்தது எல்லாம் வேண்டாதது' என்று பேசவே முடியாது. எங்கள் ஆறே வந்த ஆறு. மேற்கே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பிவிட்டவர் பென்னி குயிக். 1895 அக்டோபரில் அணையைத் திறந்தார்கள். இன்றும் ஜனவரி 15 அன்று அவர் பிறந்தநாளுக்குப் பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் இறங்கி வருவதால்தான் 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளைகிறது. எங்கள் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்றுதான் வரலாறு சொல்கிறார்கள். ஜனங்களும் அப்படித்தான். கம்பத்தில் ஒரு தெருவில் கன்னடம் கேட்கும், அடுத்த தெருவில் தெலுங்கு கேட்கும். மேலே தேக்கடிக் காட்டில் மீன்பிடிக்கிற மன்னான் பழங்குடியினர்கூட, மதுரைப் பாண்டிய நாட்டிலிருந்து மலையேறியவர்கள் நாங்கள் என்றுதான் தங்கள் கதையைச் சொல்வார்கள்.

ஆகவே வந்தது எது, இருந்தது எது என்று பிரித்து ஒன்றைத் திட்டி ஒன்றைக் கும்பிடுவதில் அர்த்தமில்லை. ஆனால் வந்தவை எல்லாம் ஒரே மாதிரி வந்தவை அல்ல. அதை எனக்குப் புரியவைத்தது பெரியாற்று அணை தேக்கிய தேக்கடி ஏரி.

அந்த ஏரியின் நீர்மட்டத்தை விசாரிக்காமல் எங்கள் ஊர்க்காரருக்குக் காலை டீ இறங்காது. 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கத்துக்குத் தண்ணீர் ஏறாது. 136, 142, 152 என்ற எண்களுக்குப் பின்னால் வழக்குகளும் மறியல்களும் இருக்கின்றன. 2014-ல் உச்ச நீதிமன்றம் 142-க்கு அனுமதி தந்தபோது கம்பத்திலும் கூடலூரிலும் வெடி வெடித்தார்கள். அடிக்கணக்கு இவ்வளவு தெரிந்த எங்களில், அந்தத் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் எத்தனை பேர் இருப்பார்?

அங்கே ஒரு மீன் இருக்கிறது. 1941-ல் சென்னை மாகாண மீன்வளத் துறையில் பெரிய பொறுப்பு வகித்த சுந்தரராஜ் அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். லெபிடோபைகோப்சிஸ் டைபஸ் என்பது அதன் அறிவியல் பெயர். சாணளவு வளரும். உடம்பின் பெரும்பகுதியில் செதிலே கிடையாது, குதத்தருகே மட்டும் ஓடு பதித்தாற்போல் பெரிய செதில்கள். இந்த அமைப்பு இமயமலை ஓடைகளில் வாழும் பனி ட்ரௌட்களுக்கு உரியது என்பதால், தென்கோடியில் இமயத்தின் உறவுக்காரன் எப்படி வந்தான் என்று வியந்தார்கள். பிற்காலத்து மரபணு ஆய்வுகள் அந்த உறவை ஏற்கவில்லை, இதை மஹ்சீர் வகை மீன்களின் பக்கம் கொண்டுபோய்விட்டன. எப்படியோ, ஆங்கிலத்தில் இதற்குப் 'பெரியாறு ட்ரௌட்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் இது கெண்டைக் குடும்பம். இந்தப் பேரினத்தில் இது ஒன்றே ஒன்று. பெரியாற்றின் மேல்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது.

மேகமலையில் ட்ரௌட் விடலாமே என்பவர்கள் மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் இப்படி ஒன்று ஏற்கெனவே இருப்பதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. பள்ளியில் பென்னி குயிக் சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதையைச் சொல்வார்கள் (அதற்கு ஆதாரம் கேட்டால் வகுப்பை விட்டு வெளியே நிற்க வேண்டியதுதான்), மீனைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

அந்த மீனுக்கு நேர்ந்தது என்ன? அது ஓடும் நீருக்குப் பழகியது. அணை வந்ததும் ஆறு ஏரியாயிற்று. மீன் ஏரிக்கு மேலே இருக்கும் ஓடைகளுக்கு ஒதுங்கியது. இரண்டாவது அடி விருந்தாளிகளால் விழுந்தது. சாதாக் கெண்டை என்று நாம் வாங்கிச் சமைக்கும் மீன் 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்தது. ஜிலேபி என்கிற திலாப்பியா, ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பக்கத்து மீன், 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டும் இன்று பெரியாறு ஏரியில் இருக்கின்றன. அடிச்சேற்றையும் பாசியையும் மேய்கிற பழைய குடிகளின் பந்தியில் இவையும் உட்கார்ந்துகொண்டன. சாதாக் கெண்டை சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும். ஜிலேபி முட்டைகளை வாய்க்குள் அடைகாத்துக் குஞ்சுகளைக் காப்பாற்றும். போட்டியில் யார் ஜெயிப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கே கதை சிக்கலாகிறது. மன்னான்களும் பளியர்களும் அந்த ஏரியில் மூங்கில் தெப்பத்தில் போய் வலை கட்டுகிறார்கள். அது அவர்கள் பிழைப்பு. வலையில் பெரும்பாலும் விழுவது சாதாக் கெண்டையும் ஜிலேபியும்தான். வந்த மீனை நாளைக்கே மந்திரம் போட்டு அகற்றிவிட்டால் அவர்கள் அடுப்பு எரியாது. இயற்கையைக் காப்பாற்றப் புறப்படுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

எனக்கும் ஜிலேபி மேல் கோபம் கிடையாது. வீரபாண்டித் தடுப்பணையில் மாலையில் தூண்டில் போட்டு உட்காருவது எனக்குப் பிடித்த வேலை. மண்புழு கிடைக்காத நாளில் மைதா மாவு உருண்டை. தக்கை ஆடும், நரம்பு இழுபடும், தூக்கினால் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபி துள்ளும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "அந்தக் காலத்துல இங்க என்ன மீன்ணே வரும்?" என்று ஒருநாள் கேட்டேன். "ஆராலு, கெளுத்தி, வெராலு... எல்லாம் வரும். இப்ப இதுதான் தம்பி" என்று கூடையைக் காட்டினார். வருத்தமாகச் சொல்லவில்லை. மிளகாய்த்தூள் தடவிப் பொரித்தால் அவர் வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்குப் போதும். வைகை அணையோரக் கடைகளிலும் அதே மீன்தான், அதே ருசிதான்.

ஏழைக்குப் புரதம் கிடைக்கட்டும் என்று திலாப்பியாவைக் கொண்டுவந்தவர்களின் எண்ணம் நல்லது. பொழுதுபோக்குக்காக ட்ரௌட்டைக் கொண்டுவந்தவர்களோடு அவர்களை ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் நோக்கம் நல்லதா, வெறும் ஆசையா என்பது தண்ணீருக்குள் இருக்கிற பழைய மீனுக்குத் தெரியாது. வேடிக்கை என்னவென்றால், துரைமார் கொண்டுவந்த மீன் அவ்வளவாகப் பரவவில்லை. அதற்குக் குளிர் வேண்டும், தண்ணீர் சூடானால் தாங்காது, மலையை விட்டு இறங்கவில்லை. நல்லெண்ணத்தில் வந்த மீன்தான் எல்லாக் குளத்திலும் நிறைந்திருக்கிறது. நல்ல எண்ணத்தை மட்டும் நம்பி ஒரு காரியத்தில் இறங்குவது பற்றி அதற்குப் பிறகு எனக்கு ஒரு பயம் உண்டு.

திராட்சைக்கும் மீனுக்கும் என்ன வித்தியாசம்? விலை போகாத வருடம் கொடியை வெட்டிவிட்டு வாழை வைக்கலாம். சுரங்கத்து நீரைக்கூட ஷட்டரை இறக்கி நிறுத்திவிடலாம். ஏரியில் விட்ட மீனைத் திரும்ப எடுக்க முடியாது. வலை போட்டாலும் தீராது, வாய்க்குள் குஞ்சோடு ஒரு தாய் தப்பித்தால் போதும். எதை மாற்றலாம் என்பதற்கு என்னிடம் இருக்கிற அளவுகோல் இப்போது இது ஒன்றுதான்: பிடிக்காவிட்டால் திருப்பி எடுக்க முடியுமா? முடியுமென்றால் துணிந்து செய்துபார்க்கலாம், பத்து முறை தோற்கலாம். முடியாதென்றால், எவ்வளவு நல்ல காரியமாகத் தோன்றினாலும், தள்ளிப்போடுவதில் வெட்கம் இல்லை.

நாம் நடப்பது நேர்மாறாக. எந்த ரக நெல் போடுவது என்று உரக்கடையில், டீக்கடையில், வேளாண்மை அலுவலகத்தில் நாள்கணக்காக விசாரிப்பவர், அதே நஞ்சையைப் பிளாட் போடுபவரிடம் ஒரு சாயங்காலப் பேச்சில் கொடுத்துவிடுகிறார். நெல் ரகம் தவறினால் அடுத்த போகத்தில் மாற்றிக்கொள்ளலாம். கல் ஊன்றிய வயல் வயலாகத் திரும்புவதில்லை. சின்னமனூர்ப் பக்கமும் உத்தமபாளையம் பக்கமும் ரோட்டோரம் பார்த்தால் தெரியும். அங்கேயும் விற்றவர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "சும்மாதான கெடந்துச்சு." அந்த வரப்பில் நண்டு இருந்தது, வாய்க்காலில் ஆரால் இருந்தது, அறுப்புக்கு வரும் பத்துப் பெண்களின் கூலி இருந்தது. வெறுமை என்று நாம் சொல்வது பெரும்பாலும் நாம் குனிந்து பார்க்காத இடம்.

மேகமலையில் ட்ரௌட் விட இனிச் சட்டமே இடம் தராது. 2009-ல் சரணாலயமானது, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்துவிட்டது. எனவே நண்பர்களின் யோசனையால் ஆபத்து ஒன்றும் இல்லை. ஆபத்து வீட்டுக்குள் இருக்கிறது. கண்ணாடித் தொட்டியில் வளர்த்த மீன் பெருத்துவிட்டால், ஊர் மாறிப் போவதாக இருந்தால், கொல்ல மனமில்லாமல், ஜீவகாருண்யம் என்று நினைத்து ஆற்றில் விட்டுவிடுகிறோம். தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கிய கிளீனர் மீனும் அதில் உண்டு. அரசு தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தியைக் குட்டைகளில் வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு மழை வெள்ளத்தில் குட்டை உடைந்தால் அது ஆற்றில்தான் வந்து சேரும்.

வளர்க்க முடியவில்லையா, வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், இல்லை வேறொரு தொட்டிக்காரரிடம் கொடுங்கள். முல்லையாற்றிலோ, சுருளி ஓடையிலோ, ஊர்க் கண்மாயிலோ தயவுசெய்து விடாதீர்கள்.