காம்புக்கு ஏற்ற மரம்

மண்வெட்டி வாங்குகிறவர் இரும்பைத் தட்டிப் பார்க்கிறார். காம்பைப் பார்ப்பதில்லை. நாள் முழுக்க அவர் பிடித்திருக்கப்போவது என்னவோ காம்பைத்தான்.

நம் ஊர்க் கருவிகளுக்குக் கருவேலம் பழைய மரம். ஏரும் வண்டிச் சக்கரமும்கூட அதில் செய்தார்கள். தேக்கு விலையில் உயர்ந்தது, கரையானுக்கு அஞ்சாதது. ஆனால் கோடாலியில் போட்டு ஓங்கி வெட்டினால் கருவேலத்தின் அளவுக்கு அடி தாங்காது. இன்று வைரம் பாய்ந்த கருவேலங்கட்டை கேட்ட இடத்தில் கிடைப்பதில்லை. மாற்று தேடும்போது என் கண் சீமைக்கருவேலத்தின் மேல் நிற்கிறது.

2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்ன மரம் அது. நீர்நிலைகளை அடைத்து நிற்பதை அகற்றத்தான் வேண்டும். ஆனால் வெட்டியதெல்லாம் கரிமூட்டத்துக்கும் அடுப்புக்கும் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதன் வைரக்கட்டை கடினமானது. காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். அதன் அருமை, ஆடும் மண்வெட்டியை வாய்க்கால் தண்ணீரில் ஊறப்போட்டவர்களுக்குத் தெரியும். ஊறிய மரம் இரும்புத் துளைக்குள் உப்பி, இடமில்லாமல் தன் நாரையே நசுக்கிக்கொள்ளும். காய்ந்ததும் முன்னைவிட அதிகம் ஆடும்.

கடினம் ஒன்றே போதுமா என்றால், போதாது. சீமைக்கருவேலம் கோணிக் கோணி வளர்வது. கோணலை அறுத்து நேராக்கினால், நார் காம்பின் முழு நீளத்துக்கும் ஓடாமல் பாதியிலேயே பக்கவாட்டில் வெளியேறிவிடும். ஓங்கி அடிக்கும்போது அந்த இடம்தான் விட்டுக்கொடுக்கும். ஆகவே கோடாலிக்கு அதைச் சொல்லமாட்டேன். அங்கே கருவேலம், இல்லையென்றால் புளி. உளிப்பிடி, ரம்பப்பிடி, கொட்டாப்புளி என்றால் கையளவுக் கட்டை போதும், கோணல் குறுக்கே வராது. அங்கே சீமைக்கருவேலம் தேக்கை விஞ்சும்.

மரத்தின் தகுதி அதன் பெயரிலோ விலையிலோ இல்லை. எந்த அடியை எந்தத் திசையில் அது வாங்கப்போகிறது என்பதில் இருக்கிறது. கூடத்துத் தூணில் நிமிர்ந்து நிற்கும் தேக்கு கோடாலியில் பின்தங்குகிறது. நாம் வெறுத்து வெட்டிய முள்மரம் தச்சர் கையில் ஆண்டுக்கணக்கில் உழைக்கக் காத்திருக்கிறது.

உங்கள் ஊரில் சீமைக்கருவேலம் வெட்டினால், மூட்டத்துக்கு ஏற்றுமுன் நேரான துண்டுகளைப் பொறுக்கி எடுங்கள். இரு முனையிலும் சாணி பூசி நிழலில் காயவைத்து, ஊர்த் தச்சரிடம் கொடுங்கள்.