உயிரும் சடமும்



உலகிலுள்ள பொருட்களை உயிருள்ளவை, உயிரற்றவை எனச் சிறு பிள்ளைகளும் பாடசாலையில் பகுத்துப் படிக்கின்றனர். உண்ணல், சுவாசித்தல், வளர்தல், அசைதல், இனம் பெருக்கல் முதலியன உயிரின் அடையாளங்கள் எனப் பாடநூல் கூறும். ஆயினும் தீயும் வளர்கிறது, ஆற்று நீரும் அசைகிறது; அவற்றுக்கு உயிரில்லை. பனங்கொட்டையோ கல்லைப் போலக் கிடக்கிறது. அதற்குள் உயிர் உண்டு.

பனம்பாத்தியில் கொட்டையோடு ஒரு கல்லும் கிடந்தால் ஒரே மழைதான் இரண்டையும் நனைக்கும். கல் நனைந்து காயும். கொட்டையோ அந்த ஈரத்தை ஏற்று, தன்னுள் இருக்கும் உணவைக்கொண்டு முளைவிட்டு, மண்ணுக்குள் கிழங்காக இறங்கும். இஸ்ரேல் நாட்டின் மசாடா என்னும் பழங்கோட்டையில் கிடைத்த, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான பேரீச்சம் விதையொன்று, 2005ஆம் ஆண்டில் நட்டபோது முளைத்தது. வந்ததை உணர்ந்து ஏற்கும் இந்த ஆற்றல் கல்லுக்கு எத்தனை காலம் சென்றாலும் வாராது.

நமது சைவ சித்தாந்தம் உயிரைச் சித்து என்றும், உடலைச் சடம் என்றும் கூறும். அறியும் இயல்புடையது சித்து, அறியாதது சடம். உடம்புக்கு வேறாக உயிர் உண்டென்பதை மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் 3ஆம் சூத்திரத்தில் நிறுவுகின்றார். தொல்காப்பியம் புல்லையும் மரத்தையும் கூடத் தொடுவுணர்வுடைய ஓரறிவுயிர் என்கிறது. மனம் என்னும் ஆறாவது அறிவை மனிதருக்கு உரியதாகச் சொல்கிறது.

மரண வீட்டில் இவ்வுண்மை எவருக்கும் விளங்கும். கண்ணும் காதும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பிள்ளைகள் தலைமாட்டிலிருந்து அழைக்கின்றனர்; மறுமொழி இல்லை. நேற்றுவரை "ஐயா" என்று அழைத்த அயலவரே, "பிரேதம் எத்தனை மணிக்கு எடுக்கிறது?" என்று கேட்கின்றனர். உணர்ந்து கேட்ட ஒன்று போய்விட்டது, மிஞ்சியது சடம்.

ஆகவே அயல்வீட்டில் பசித்த பிள்ளையின் அழுகுரல் கேட்டும் கேளாதவர் போல் இருப்பவர், மூச்சிருந்தும் சடத்தையே ஒத்தவர். மூலஸ்தானத்தில் கற்சிலையில் எழுந்தருளியிருக்கும் பெருமான் நமது குறையைக் கேட்பார் என்று நம்பியே கைகூப்பி நிற்கின்றோம். கல்லில் இருப்பவரைக் கேட்கச் சொல்லும் நாம், பிறர் குரலுக்குக் கல்லாகி நிற்கலாமா? கேட்கும் மனத்தை எம்பெருமான் எல்லோருக்கும் தந்தருள்வாராக.