ஊறுணர்ச்சியும் இளஞ்சிறார் கல்வியும்

ஐம்பொறிகளுள் மெய் என்பது ஊறு என்னும் புலனை அறிதற்குரிய கருவியாம். ஓரறிவுயிர்க்கும் உள்ள அறிவு இதுவே எனத் தொல்காப்பிய மரபியல் வகுத்தது. குழவி தாயை அறிதற்கும் இது துணையாம். ஆகலின், சிறார்க்குப் பொறியறிவு புகட்டுவார் இதனின்றும் தொடங்குதல் முறையே. ஆயினும், வெம்மை, தண்மை, மென்மை, வன்மை எனப் பெயர்களை மனனஞ் செய்வித்து அமைதல் சாலாது. ஊறு எதனை அறிவிக்கும், எதனை அறிவியாது என்பதையும் உடன் உணர்த்துதல் வேண்டும்.

இதற்கு எளியதொரு செய்கை உண்டு. மூன்று கிண்ணங்களில் முறையே குளிர்நீரும், வெதுவெதுப்பான நீரும், கை பொறுக்கும் சூட்டுநீரும் பெய்க. குழந்தை ஒரு கையைக் குளிர்நீரிலும் மற்றதைச் சூட்டுநீரிலும் சிறிது பொழுது வைத்துப் பின்னர் இரண்டினையும் நடுக்கிண்ணத்தில் இடுமாயின், ஒரு கை 'சூடு' என்னும். மற்றது 'குளிர்' என்னும். நீரோ ஒன்றே. ஆங்கில அறிஞர் ஜான் லாக் என்பார் 17-ஆம் நூற்றாண்டிலேயே இதனை எடுத்துக்காட்டினர். தோல் தான் முன்பிருந்த நிலையினின்றும் நேர்ந்த மாறுதலையே மிகுதியும் அறிவித்தல் இதற்குக் காரணம்.

இவ்விரு கூற்றினையும் ஒருங்கு கேட்டு, 'நீர் ஒன்றே' எனத் துணிவது யாது? கையன்று, ஒரு கை அறிந்ததை மற்றொரு கை அறியாது. இரண்டினையும் உணர்ந்து ஆராயும் உயிரே துணியும். பொறிகள் உயிரானன்றி அறியா. அறிந்தும் தம்மையும் உயிரையும் அறியா. அங்ஙனமே உயிரும் இறைவன் அறிவிக்கவே அறியும். சிவஞானபோத ஐந்தாஞ் சூத்திரத்தின் இக்கருத்திற்கு இக்கிண்ணங்கள் முதற்பாடம் ஆதல் காண்க.

அற்றேல், சூடு குளிர் பிறழ்தல் சிறு பிழையன்றோ, அதனால் வருங் கேடு என்னை எனின், கூறுதும். 'தொடாதே' என்னும் சொல்லை நாம் சிறார்க்கு இருவகையாற் கற்பிக்கின்றோம். அடுப்பைத் தொடாதே என்பதற்கு மெய்யே சான்று பகரும். தீங்கு செய்வார் தீண்டலை மறுக்கக் கற்பித்தற்கும் அவர் செய்கையே சான்றாம். பிறப்புப் பற்றி ஒருவரைத் தொடாதே என்பதற்கோ எப்பொறியும் சான்று பகராது. அவர் கையைப் பற்றிய குழந்தை உணர்வது வெம்மையே. இழிவு என்பதொன்றை அதன் தோல் உணர்வதில்லை. அது பெரியோர் வாய்மொழியாற் புகுந்த மலினம். 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. எனினும், அப்பாடம் இல்லங்களில் இன்னும் முற்றும் ஒழிந்திலது.

திருச்சாத்தமங்கைத் திருநீலநக்க நாயனார், இலிங்கத் திருமேனியில் வீழ்ந்த சிலம்பியை மனைவியார் வாயால் ஊதித் தள்ளியதனைக் குற்றமெனக் கொண்டு அவரைத் துறந்தார். இறைவரோ, ஊதிய இடமொழிய ஏனைய இடமெல்லாம் கொப்புளங் கொண்ட திருமேனியைக் கனவிற் காட்டியருளினார். அன்பின் தீண்டலை அசுத்தமென மயங்கிய அவரே பின்னர்த் திருநீலகண்ட யாழ்ப்பாணர்க்குத் தம் இல்லத்து வேதிகையின் அருகே இடம் நல்கினார். ஆண்டு வேள்வித்தீ வலஞ்சுழித்து ஓங்கிற்று எனப் பெரியபுராணம் கூறும்.

திருமடங்களைச் சார்ந்த பாடசாலைகள் சிறார் முன் முதலில் மூன்று கிண்ணங்களையும், அடுத்து இச்சரிதத்தையும் வைத்தல் நன்று. மெய் என்னும் பொறி பெயரளவில் மெய். அதனை ஆளும் உயிர் அன்பொடு நின்று ஆராய்ந்தவழியே உண்மை புலப்படும்.