கையில் தாளோடு போய்க் கேள்!

எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறதா? மாடியில் வைத்த தக்காளிச் செடி சுருண்டு கிடக்கிறதா? டிப்ளமா பாடத்தை நாலு தடவை படித்தும் பரீட்சை ஹாலில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லையா?

சரி. யாரைக் கேட்டாய்?

"கேட்டால் என்ன நினைப்பார்கள்?" "இந்த வயதில் இதைக் கேட்பதா?" "எனக்குச் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்?"

நிறுத்து! இந்த மூன்றுக்கும் ஒரே பெயர்தான். பயம்!

நீ இருப்பது பெங்களூரு லிங்கராஜபுரத்தில். வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம். மேம்பாலம் ஏறி இறங்குவதற்குள் மூன்று மொழியில் பேசிவிடுகிறாய். ஆட்டோக்காரரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறாய். அந்த வாய்க்கு, "எனக்கு இது வரவில்லை, சொல்லிக்கொடுங்கள்" என்று ஒரு வரி வராதா?

வரும்! ஆனால் வெறுங்கையோடு போகாதே.

சீனிவாச ராமானுஜன் எப்படிப் போனார் தெரியுமா? கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை பறிபோனது. பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. பட்டம் இல்லை. வேலை இல்லை. 

அக்குளில் நோட்டு இருந்தது!

1910இல் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவைத் தேடிப் போனபோதும் அந்த நோட்டோடுதான் போனார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. சம்பளம் மாதம் 30 ரூபாய். அங்கிருந்தபடியே கேட்டார். லண்டனில் பேராசிரியர் ஹில்லுக்கு அவருடைய கணக்குகள் போயின. பதில் இனிப்பாக வரவில்லை. முடிவிலாத் தொடர்களில் தவறான இடத்தில் காலை வைத்துவிட்டார், இன்ன புத்தகத்தைப் படிக்கட்டும் என்று வந்தது. கேம்பிரிட்ஜில் கணித அறிஞர் பேக்கருக்கு எழுதினார். உதவி இல்லை. ஹாப்சனுக்கு எழுதினார். உதவி இல்லை.

நீயாக இருந்தால்? முதல் கடிதத்தோடு மூடி வைத்திருப்பாய்!

அவர் 1913 ஜனவரி 16 அன்று இன்னொரு கடிதம் எழுதினார். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு. கூடவே ஏறத்தாழ 120 தேற்றங்கள். "நான் கெட்டிக்காரன், உதவுங்கள்" என்ற வெறும் கெஞ்சல் கிடையாது. இதோ நான் செய்தது, பார்த்துச் சொல்லுங்கள்! அடுத்த ஆண்டு மார்ச்சில் கப்பல் ஏறினார். 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர்.

என்னால் ராமானுஜன் ஆக முடியாது என்று முணுமுணுக்காதே. அவருடைய மூளையை உன்னிடம் யார் கேட்டார்கள்? அவருடைய அந்த நாலாவது முயற்சியைத்தான் கேட்கிறேன்!

இப்போது உன் கையெழுத்துக்கு வா.

"கையெழுத்து அழகாக என்ன செய்யணும்?" என்று கேட்டால் உபதேசம்தான் கிடைக்கும். அப்படிக் கேட்காதே! ஒரு பக்கம் எழுது. பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடு. "சத்தமாக வாசியுங்கள் அக்கா" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நில். எடுத்துக்கொடுக்காதே!

அவர் எங்கே தடுக்குகிறார்? அங்கே பென்சிலால் வட்டம் போடு. 'ண'வுக்கு மூன்றாவது சுழியையே காணோம். துணைக்கால் 'ர' ஆகிக் கிடக்கிறது. ஆங்கிலத்தில் 'யு'வும் 'வி'யும் ஒரே உருவம். மெக்கானிக்ஸ் தாளில் 'யு' ஆரம்ப வேகம், 'வி' இறுதி வேகம். திருத்துபவர் எதை எதுவாக எடுத்துக்கொள்வார்?

வட்டங்களை எண்ணு. திரும்பத் திரும்ப வருவது நாலைந்து எழுத்துதான் இருக்கும். அவற்றை மட்டும் மெதுவாக, ஒரே உயரத்தில், நாலு கோடு நோட்டில் எழுது. நாலு கோடு நோட்டு சின்னப் பிள்ளைகளுக்கா? யார் சொன்னது? கோட்டுக்கு உன் வயது தெரியுமா?

காந்தி இளமையில் நல்ல கையெழுத்து படிப்புக்குத் தேவையில்லை என்று நினைத்தார். தென்னாப்பிரிக்காவில் மற்ற வக்கீல்களின் எழுத்தைப் பார்த்து வெட்கப்பட்டார். பிறகு முயன்றும் காலம் கடந்துவிட்டது என்று சுயசரிதையில் எழுதினார். இந்த ஒன்றில் அவர் சொன்னதைக் கேட்காதே. அவர் செய்ததைப் பார்! 1909இல் கில்டோனன் காசில் கப்பலில் 'இந்து சுயராஜ்யம்' எழுதினார். 275 பக்கக் கையெழுத்துப் பிரதி. வலது கை ஓய்ந்தபோது இடது கையால் எழுதினார். 40 பக்கம்! இடது கையால்!

நீ வலது கையால் தினம் ஒரு பக்கம் எழுத மாட்டாயா?

அடுத்து மாடித் தோட்டம். "எனக்குக் கைராசி இல்லை" என்கிறாய். கைராசியா? தொட்டிக்கு அடியில் கையை விட்டுப் பார். ஓட்டை அடைத்திருக்கிறது! மண்ணில் விரலை விடு. இரண்டு கணு ஆழத்தில் இன்னும் ஈரம். அப்புறம் ஏன் இன்றைக்கும் ஒரு சொம்புத் தண்ணீர்?

சுருண்ட இலையைத் திருப்பு. அடியில் பொடிப்பொடியாக வெள்ளை ஈ இருக்கிறதா? தக்காளிக்கு இலைச் சுருட்டை வைரஸைக் கொண்டுவருவது அதுதான். இலையைப் பறித்து ஒரு கவரில் போட்டு இறுகக் கட்டு. லால்பாக் பக்கம் நர்சரிக்குப் போ. "தக்காளி வரமாட்டேங்குது" என்று அழாதே. இலையை நீட்டு!

ஹைதர் அலி 1760இல் லால்பாக்கைத் தொடங்கிய ஊர் இது. ஹெசரகட்டாவில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இலைச் சுருட்டை, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் மூன்றையும் தாங்கும் 'அர்கா ரக்ஷக்' தக்காளி அங்கே உருவானதுதான். ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் ஆண்டுதோறும் கிருஷி மேளா நடக்கிறது. தலைமுறை தலைமுறையாக மண்ணில் உழைத்த விவசாயிகள் அங்கே வந்து நின்று சந்தேகம் கேட்கிறார்கள். எட்டுத் தொட்டி வைத்திருக்கும் உனக்கு வெட்கமா?

படிப்பு? அதிலும் இதே கதைதான். நாலு தடவை படித்தேன் என்கிறாய். அதுதான் கோளாறே!

2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு குழு பாடத்தை நாலு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஒரு வாரம் கழித்து? நாலு முறை படித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61! இதில் கொடுமை என்ன தெரியுமா? நிறைய நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு சொன்னது நாலு முறை படித்த குழுதான்!

புத்தகத்தை மூடு. தம்பியிடம் கொடு. அவனுக்கு உன் டிரான்ஸ்ஃபார்மர் பாடம் தெரிய வேண்டாம். தலைப்பை வாசித்தால் போதும். நீ தாளில் படம் போட்டு விளக்கு. எங்கே பேனா நிற்கிறதோ, அதுதான் உன் கேள்வி! "ஒன்றுமே புரியலை சார்" என்றால் ஆசிரியர் என்ன செய்வார்? "இந்த மூன்றாவது படியில் இந்தக் குறி ஏன் மாறுகிறது சார்?" என்று கேள். அவர் பதில் சொல்லியாக வேண்டும்!

சிலர் சிரிப்பார்கள். சிலர் எரிந்து விழுவார்கள். விழட்டும்! அடுத்த கதவைத் தட்டு. கம்மனஹள்ளியில் இல்லையா? காக்ஸ் டவுனில் இருப்பார்கள்.

ஆனால் ஒன்று. கேட்டுவிட்டுச் சும்மா இருக்காதே! சொன்னவர்களை அலுக்கச் செய்வது கேட்பவன் இல்லை. கேட்டதைச் செய்யாமல் மறுபடி அதையே கேட்பவன்! முதலில் செய். பிறகு இரண்டாவது பக்கத்தோடு அதே அக்காவிடம் போ. பழைய பக்கத்தையும் பக்கத்தில் வை. "இப்போது எங்கே தடுக்குகிறது?" என்று கேள்.

இன்றைக்கு எதை எடுத்துக்கொண்டு போகப் போகிறாய்? எழுதின பக்கமா, சுருண்ட இலையா, பேனா நின்ற படமா?

நாளைக்கு என்று சொல்லாதே. வாசலில் செருப்பு கிடக்கிறது. எழுந்திரு!