நோய்ப் படுக்கையும் நோட்டுப் புத்தகமும்

பெற்றவள் நோயில் கிடக்கும்போது மகன் ஒரு மூலையில் உட்கார்ந்து கதை எழுதலாமா? இந்தக் கேள்வியை யாரும் நேராகக் கேட்பதில்லை, ஜாடையாகத்தான் கேட்பார்கள். எங்கள் சுத்துக்கேணியில் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் மட்டும் வாய்விட்டே கேட்டார்: "ஏம்ப்பா, அம்மா மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்கு. நீ இன்னும் அந்த நோட்டையே வச்சிக்கிட்டிருக்கியே?"

அவர் கெட்ட மனிதர் அல்ல. அம்மாவுக்கு இளநீர் வாங்கி வந்தவர்தான். ஆனால் அவர் வீட்டிலும் அப்போது ஒரு கிழவர் படுத்த படுக்கையாய்க் கிடந்தார். அதற்காக மறுநாள் காலையில் அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கழனிக்குப் போகாமல் இருந்துவிடவில்லை. போனதை ஊரில் ஒருவரும் குறை சொல்லவுமில்லை. தண்ணீர் பாயும் நேரத்தில் மடையில் ஆள் நிற்காவிட்டால் பயிர் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தொடர்கதையின் அடுத்த அத்தியாயம் போய்ச் சேராவிட்டால் என்ன போய்விடும் என்பது எழுதிப் பிழைக்கிறவனுக்கும் அவனுக்குப் பணம் அனுப்புகிற பத்திரிகைக்காரருக்கும்தான் தெரியும். அம்மாவின் மருந்துச் சீட்டுக்கு அந்த மாதம் காசு கொடுத்தது அந்த அத்தியாயம்.

இப்படிச் சொல்லிவிட்டால் வழக்கு தீர்ந்துவிடும் போலத்தான் இருக்கிறது. கதைக்காரனுக்குக் கதைதான் கழனி. அவன் வேலையை அவன் பார்க்கிறான். ஆனால் இந்தப் பதில் எனக்குத் திருப்தி தரவில்லை. இது பாதி உண்மைதான். கழனிக்காரர் தம் தகப்பனாரின் முனகலைக் கொண்டுபோய் வயலில் விதைப்பதில்லை. எழுதுகிறவன் விதைக்கிறான். படுக்கையருகே உட்கார்ந்திருக்கும்போதே அவனுடைய ஒரு கண் அழுகிறது. இன்னொரு கண் குறித்துக்கொள்கிறது. பெரியவர் எதைக் கண்டு முகம் சுளித்தாரோ, அது இந்த இரண்டாவது கண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

இதைப்பற்றிப் பேசுவதற்கு முன்னால், வழியில் கிடக்கும் ஒரு பொய்யை ஓரமாகத் தள்ளிவிட வேண்டும். நோய் எழுத்தாளனைக் கூர்மையாக்குகிறது, துன்பப்பட்டால்தான் இலக்கியம் பிறக்கும் என்று ஓர் அபிப்பிராயம் நம்மிடையே வெகுநாளாக உலவுகிறது. ஆரோக்கியமாக இருப்பவர்கள்தாம் இதை அதிகமாகச் சொல்லுகிறார்கள். கு. ப. ராஜகோபாலனுக்கு முப்பது வயதையொட்டிக் கண்பார்வை மங்கிப்போயிற்று. அவர் வாயால் சொல்லச் சொல்லத் தங்கை சேது அம்மாள் எழுதினார். பிறகு சிகிச்சையில் பார்வை திரும்பியது. கடைசியில் கால்களில் ரத்தவோட்டம் கெட்டு அழுகல் நோய் கண்டு, 1944 ஏப்ரலில் கும்பகோணத்தில் காலமானார். வயது நாற்பத்திரண்டு. புதுமைப்பித்தன் சினிமா வேலையாகப் பூனா போய், காசநோயோடு திரும்பி, 1948 ஜூன் 30ஆம் தேதி திருவனந்தபுரத்தில் கண்ணை மூடினார். அவருக்கும் வயது நாற்பத்திரண்டு. அந்த நோயைத் தீர்க்கும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943லேயே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. நோய் இவர்களுக்குக் கொடுத்தது என்ன? ஒன்றுமில்லை. எடுத்துக்கொண்டதோ அவர்கள் எழுதாமல் விட்ட முப்பது வருஷத்தை. இளமையில் காசநோயில் அகப்பட்டுப் பிழைத்துக்கொண்ட கி. ராஜநாராயணன், நூறை நெருங்கும் வயதில், 2021 மே மாதம் எங்கள் புதுச்சேரியில் காலமாகும்வரை எழுதிக்கொண்டிருந்தார். பிழைத்ததால் எழுதினார். எனக்கு இப்போது நாற்பத்தாறு. அந்த இருவரின் வயதையும் தாண்டிவிட்டோம் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாகவே இருக்கிறது.

இதில் சேது அம்மாளின் பங்கைப்பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அண்ணன் சொல்ல எழுதிய அந்தக் கை பிற்பாடு சொந்தமாகவும் கதைகள் எழுதியது. நோயாளியான எழுத்தாளனைப்பற்றிப் பேசும்போது அவனைத் தனி மனிதனாகவே நினைத்துக்கொள்கிறோம். கஞ்சி காய்ச்சுகிறவர்கள், படுக்கை தட்டிப் போடுகிறவர்கள், காகிதம் பிடிக்கிறவர்கள் எல்லோரும் அந்தப் பக்கங்களுக்குள் இருக்கிறார்கள்.

எனக்கும் அதே காசநோய் 2006ஆம் ஆண்டில் வந்தது. ஒரு காலத்தில் இந்த நோய் வந்தவனை வீட்டை விட்டுப் பிரித்து சானடோரியத்துக்கு அனுப்புவார்கள். நல்ல காற்றும், பாலும் முட்டையும், பூரண ஓய்வும் இருந்தால்தான் தேறுவான் என்று நம்பினார்கள். அது அவசியந்தானா என்று 1956இல் சென்னையில் ஒரு பரிசோதனை தொடங்கியது. ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்தும், மறு பகுதியைச் சென்னையின் நெருக்கடியான வீடுகளிலேயே விட்டும், இருவருக்கும் ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் வெளியான முடிவு உலகத்தையே வியக்க வைத்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள்; கூட இருந்தவர்களுக்கு அதனால் நோய் அதிகம் தொற்றிவிடவுமில்லை. காற்றும் பாலும் இரண்டாம் பட்சம், மருந்தை விடாமல் விழுங்குவதே முக்கியம் என்று தெரிந்தது. தனிமை வேண்டும், மலை வேண்டும், அமைதி வேண்டும் என்று கேட்கிற எழுத்தாள நண்பர்களிடம் இந்தச் சங்கதியை நான் சொல்வதுண்டு. அவர்கள் ரசிப்பதில்லை.

எனக்கு வாரத்தில் மூன்று நாள் மாத்திரை. முதல் இரண்டு மாதம் நர்சம்மா பார்க்க விழுங்க வேண்டும். அப்புறம் பெரும்பாலும் வீட்டிலேயே. எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார், ஒவ்வொரு தரம் நான் விழுங்கியதும் அடுப்படிச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டாள். ஆறு மாதத்தில் எழுபத்தெட்டுக் கோடுகள். அடுத்த பொங்கலுக்கு வீடு முழுவதும் வெள்ளையடித்தபோது அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டாள்.

அவள் 2018இல் போய்ச் சேர்ந்தாள். கடைசி ஒரு மாதம் நான் நோட்டும் கையுமாக இருந்தேன் என்பது உண்மை. தொடர்கதைக்கு மட்டும் எழுதவில்லை, அவளையும் குறித்தேன். அவள் பாதித் தூக்கத்தில் பேசியதை, செத்துப்போன தன் தங்கையைக் கூப்பிட்டதை, இடுப்புப் புண்ணைத் துடைக்கும்போது மகன் பார்க்கிறானே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதை. பெரியவரின் கேள்விக்கு நான் பதில் தேடவேண்டிய இடம் இதுதான்.

பாரதியாரின் தகப்பனார் சின்னச்சாமி ஐயர் 1898இல் காலமானார். தொழில் நொடித்து, மனம் உடைந்து போன மரணம் அது. மகனுக்கு அப்போது பதினைந்து வயது. அந்தத் துக்கத்தைத் தம் வாழ்க்கை வரலாறாக அமைந்த 'கனவு' என்ற கவிதையில் அவர் வெளியிட்டது 1910இல், புதுச்சேரியில் இருந்துகொண்டு. இடையில் பன்னிரண்டு வருஷம். அவர் திட்டமிட்டுக் காத்திருந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த இடைவெளி எனக்கு ஒரு துணைபோல இருக்கிறது. குறித்துக்கொள்வது வேறு, வெளியிடுவது வேறு என்ற வித்தியாசத்தை அதில் காண்கிறேன். குறிக்கும் கண்ணை மூடிக்கொள்ள எழுத்தாளனால் முடியாது. அதைக் குற்றம் என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆனால் அது கண்டதையெல்லாம் சந்தைக்குக் கொண்டுபோக அவனுக்கு உரிமை உண்டா என்பது தனி வழக்கு.

எங்கள் ஊரின் பெயர் ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தின் தலைப்பில் இருக்கிறது. கசால் என்ற ஆராய்ச்சியாளர் வீராம்பட்டினத்திலும் வேறு ஊர்களிலும் தோண்டிக் கண்டதைப்பற்றி 1956இல் பாரிசில் வெளியான நூல் அது. சுத்துக்கேணியில் அவர் கண்டவை பெருங்கற்காலத்து ஈமக்குழிகள். இறந்தவர்களோடு வைத்த மண்பாண்டங்களும் பொன் நகைகளும் அவற்றில் கிடைத்தன. வைத்தவர்கள் யாரும் பார்ப்பதற்காக வைக்கவில்லை. மண்ணைப் போட்டு மூடிவிட்டு, தத்தம் கழனிக்குப் போயிருப்பார்கள். பிறகு ஒருவர் வந்து தோண்டி வெளிச்சத்தில் வைத்தார். அதனால்தான் அந்த மனிதர்கள் தங்கள் செத்தவர்களை எவ்வளவு நேசித்தார்கள் என்பது நமக்குத் தெரிகிறது. மூடியவர்கள் செய்தது சரி. தோண்டியவரையும் என்னால் தவறு சொல்ல முடியவில்லை. எழுதுகிறவனோ ஒரே ஆளாக இருந்து இரண்டு காரியத்தையும் செய்ய வேண்டியிருக்கிறது. அதுவும் ஆயிரக்கணக்கான வருஷ இடைவெளி இல்லாமல்.

இப்போது நான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலில் ஒரு தாய் வருகிறாள். சுவரில் கரிக்கோடு போடுகிறாள். அதை எழுதும்போது எனக்குத் தயக்கமே வரவில்லை. அந்தச் சுவரை அவள் வருவோர் போவோருக்கெல்லாம் காட்டியவள். முகத்தைத் திருப்பிக்கொண்டதை மட்டும் நாவலில் வைக்கவில்லை. இங்கே ஒரு வரியில் சொன்னதே, அதைச் சொல்லாமல் இந்த விவாதத்துக்குள் போக முடியாது என்பதால்தான். அந்த நோட்டு பரணில், பித்தளை அண்டாவுக்குள் இருக்கிறது.