மாறும் முள், மாறாத வித்தியாசம்

கொள்கை உறுதி உள்ளவர் என்று யாரைச் சொல்கிறோம்? எந்தச் சூழலிலும் ஒரே சொல், ஒரே செயல் என்று நிற்பவரைத்தான். இந்த எண்ணத்தில் பாதிதான் உண்மை என்பதற்கு, டர்போ பொருத்திய ஸ்போர்ட்ஸ் காருக்கு வாங்கும் ஃபியூவல் பிரஷர் ரெகுலேட்டரே சாட்சி. உள்ளே ஒரு டயஃப்ரம், அதை அழுத்தும் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் மேலே ஒரு ஸ்க்ரூ. ஸ்பிரிங் இருக்கும் அறைக்கு இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து மெல்லிய ஹோஸ் ஒன்று வருகிறது. அடிப்படை அழுத்தத்தை 3 பார் என்று வைத்தால், ஐட்லிங்கில் மேனிஃபோல்டில் 0.6 பார் வெற்றிடம் இருக்கும்போது கேஜ் 2.4 காட்டும், டர்போ 0.7 பார் ஊதும்போது 3.7 காட்டும். முள்ளை மட்டும் பார்ப்பவருக்கு இது நிலையில்லாத கருவி. ஆனால் இன்ஜெக்டரின் இரு முனைகளுக்கும் இடையிலான வித்தியாசம் எப்போதும் அதே 3 பார்தான். முள்ளை 3-லேயே நிறுத்திவைத்தால் டர்போ ஊதும் வேளையில் வித்தியாசம் 2.3 ஆகிவிடும். பெட்ரோல் ஓட்டம் அந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், சுமார் 12 சதவீதம் குறையும். அதிகம் தேவைப்படும் நேரத்தில் குறைவாகக் கிடைத்தால் இன்ஜின் தட்டும். பிஸ்டன் உருகுவதுவரைகூடப் போகலாம். எண் மாறவில்லை, கடமை தவறிவிட்டது.

அறத்திலும் நாம் காக்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான், முள்ளை அல்ல என்பது என் வாதம். அரிஸ்டாட்டில் நியாயத்தைப் பற்றிப் பேசும்போது, லெஸ்போஸ் தீவுக் கொத்தர்களின் ஈய அளவுகோலைக் காட்டுகிறார்: கல்லின் வடிவத்துக்கு வளைந்துகொடுத்தே அது அளக்கிறது. காண்ட் இதற்கு நேர் எதிர்முனையில் நிற்கிறார். கொல்லத் துரத்தி வருபவன் வாசலில் நின்று, உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797-இல் எழுதினார். பொய் மனிதகுலம் முழுமைக்கும் இழைக்கும் தவறு என்பது அவர் காரணம். அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பி அச்சமின்றி வாழ முடிய வேண்டும் என்பதற்காகத்தானே வாய்மை? அந்த வாசலில் உண்மையைச் சொன்னால் முள் அசையாமல் நிற்கும், எதற்காக அது நின்றதோ அது செத்துப்போகும்.

இன்று பல கார்களில் அழுத்தம் நிலையாகவே வைக்கப்படுகிறது, அவை நன்றாகத்தானே ஓடுகின்றன என்று கேட்கலாம். ஓடுகின்றன. ஆனால் அங்கே மேனிஃபோல்டின் நிலையைக் கணினி கவனித்து, இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. எழுதிய சட்டம் அசையாமல் இருக்க, நீதிபதி வழக்கின் நிலைமையை எடைபோடுவதும் இப்படித்தான். இணங்கிப்போகும் வேலை இடம் மாறியிருக்கிறதே தவிர, இல்லாமல் போகவில்லை.

இன்னும் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு: சூழலுக்கேற்ப மாறலாம் என்றால் அவரவர் வசதிக்கு ஸ்க்ரூவைத் திருகமாட்டார்களா? திருகுவார்கள். மேனிஃபோல்டில் 1 பார் கூடினால் பெட்ரோலில் பல பார் கூட்டும் ரெகுலேட்டர்களும் விற்கின்றன. சிறிய இன்ஜெக்டரின் போதாமையை மிகை அழுத்தத்தால் மறைக்க அவை உதவும். டர்போ காருக்குத் தேர்ந்தெடுப்பவர் ஒன்றுக்கு ஒன்று என்று நடப்பதை வாங்குவதே மேல். அடிப்படை அழுத்தத்தை வைக்கும் முறையிலேயே இந்த ஆட்சேபத்துக்குப் பதில் இருக்கிறது. மேனிஃபோல்ட் ஹோஸைக் கழற்றி, அதன் வாயை அடைத்து, இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, ஸ்க்ரூவைத் திருகி 3 பாருக்குக் கொண்டுவந்து, லாக் நட்டை இறுக்கிவிட வேண்டும். பிறகுதான் ஹோஸை மாட்டுவது. அழுத்தம் ஏறும் வேளையில் யாரும் ஸ்க்ரூவைத் தொடுவதில்லை. அறத்திலும் எதைக் காக்கிறோம் என்பதை முன்பே வைத்துப் பூட்டிவிட வேண்டும். கொலைகாரனிடம் பொய் சொன்னவர், அதே நியாயத்தைக் காட்டிக் கடன் கொடுத்தவரிடம் பொய் சொல்ல முடியாது; முன்னதில் காக்க ஓர் உயிர் இருந்தது, பின்னதில் இருப்பது அவருடைய பணப்பை.