மீனுக்கு இம்புட்டு எடமா?

"நமக்கே இப்பத்தான் நிமிந்து நிக்க எடம் கெடச்சிருக்கு. மீனுக்கு இம்புட்டு எடமா?"

ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டமொன்றில் என் மச்சான் வீட்டு வாசலில் மீன் தொட்டி கட்டத் தொடங்கியதும் அத்தை கேட்டது இது. கோபத்தில் கேட்டாலும் நியாயமான கேள்வி. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர் அவர். 7 பேர்ச் காணியில் 550 சதுர அடித் தனிவீடு கைக்கு வந்தபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அந்த வாசலில் எட்டடி நீளம், நாலடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் சீமெந்துத் தொட்டி என்றால், பழைய காம்பராவின் கால் பங்குக்கு மேல் மீனுக்குப் போகிறது.

தொட்டி நிறைந்தால் ஏறக்குறைய 2,260 லீற்றர், இரண்டேகால் தொன் எடை. 2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி மீரியபெத்தை மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த பிரதேசம் இது. சரிவில் எதை வைப்பதானாலும் முதலில் மண்ணைப் பார்ப்பார்கள். மச்சானும் வெட்டிய பக்கத்து இறுகிய தரையில்தான் கட்டினார். மண் கொட்டி நிரப்பிய பக்கத்தைத் தொடவே இல்லை. கசிந்தால் தண்ணீர் கானில் போய் விழவும் வழி வைத்தார்.

முன்பக்கம் மட்டும் கண்ணாடி. அதை வெளியிலிருந்து ஒட்டாமல் உள்ளிருந்து ஒட்டியதுதான் கெட்டித்தனம். தண்ணீர் தள்ளத் தள்ள, கண்ணாடி சட்டத்தோடு இன்னும் இறுகும். தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. தொட்டியை இருபதடிக்கு நீட்டினாலும் அடியில் அதே அழுத்தம்தான். சிலிக்கன் காயும்வரை வாசலெல்லாம் வினாகிரி வாடை.

புதுச் சீமெந்தின் சுண்ணாம்பு மீனைக் கொன்றுவிடும். வாழைமரத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தொட்டியில் ஊறப்போட்டார். தண்ணீர் பழுப்பேறி நாறியதும் இறைத்துவிட்டு மறுபடி நிரப்பினார். சுவரைத் தடவினால் கையில் ஒட்டும் வழவழப்பு போகும்வரை இதே வேலை. அதற்குப் பிறகும் மீன் விடவில்லை. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியா வடிகட்டியில் குடியேற நாலைந்து வாரமாவது வேண்டும். ஒரு சிட்டிகைத் தீனியை மட்டும் போட்டுவிட்டு மோட்டரை ஓடவிட்டார். "வெறுந்தண்ணிக்குக் கரண்ட் பில் கட்டுற ஆம்பளய இந்த டிவிசன்லயே பாத்ததில்ல" என்றார் அத்தை.

இவ்வளவும் விரல் நீளக் கௌராமிக் குஞ்சுகள் இரண்டுக்காக. இந்தப் பெரிய சாதிக் கௌராமி இரண்டடிவரை வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது வருடமும் இருக்கும். மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன் என்பதால், 2022-இல் போல 13 மணிநேரம் மின்சாரம் நின்றாலும் மற்ற மீன்களைப் போல உடனே மூச்சுத் திணறாது.

கடைகளில் 'ஷார்க்' என்று விற்கும் பங்காசியஸும், சிவந்த வாலுள்ள அமேசன் கெளுத்தியும் இதைவிடப் பெரியவை. ஒரு மீற்றரைத் தாண்டும். வாங்க வந்தவர் தயங்கினால், "தொட்டிக்கு ஏத்த மாதிரிதான் அண்ணே வளரும்" என்று சொல்லிக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். சின்னத் தொட்டியில் மீன் வளராமல் நிற்பது உண்மைதான். ஆனால் கழிவு தேங்கிய தண்ணீரில் அது நலிகிறது, முதுகெலும்பு கோணுகிறது, ஆயுள் பாதியில் முடிகிறது. இதைப் போய் இடத்துக்கு ஏற்றபடி வளர்கிறது என்பது வியாபாரப் பேச்சு.

தோட்டத்து மக்களான எங்களைப் பற்றியும் இதே பேச்சைப் பேசியிருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் காம்பரா போதும், பழகிப்போனவர்கள் என்று. 2016-இல் எடுத்த குடித்தொகை, சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடளவில் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 பேர். "அது அவங்க பரம்பரை" என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இடம் மட்டும்தான் காரணம் என்று நானும் சொல்லமாட்டேன். சாப்பாடு, தண்ணீர், கக்கூஸ், பிள்ளையைச் சுமந்த தாயின் உடம்பு எல்லாம் சேர்ந்துதான் உயரம். ஆனால் போதாததைக் கொடுத்துவிட்டு, வளராமல் போனதையே போதும் என்பதற்குச் சாட்சியாகக் காட்டுவது இருக்கிறதே, அந்தத் தந்திரம் மீன் கடையிலும் ஒன்றுதான், துரை பங்களாவிலும் ஒன்றுதான்.

மனிதரை மீனோடு சேர்த்துப் பேசினால் அத்தைக்குப் பிடிக்காது. அவர் பக்கமும் நியாயம் உண்டு. நாங்கள் சங்கம் வைத்தோம், காணி கேட்டு ரோட்டில் இறங்கினோம், கிடைத்தது போதாது என்று இன்றும் கேட்கிறோம். மீனுக்குச் சங்கம் கிடையாது. அதற்கு எவ்வளவு இடம் என்பதை வளர்க்கிறவர்தான் முடிவு செய்கிறார். அதுவும் மீன் விரல் நீளத்தில் இருக்கும்போதே. அந்தக் காம்பராவில் பிறந்து வளர்ந்த மச்சான், வளர்ந்து முடிந்த மீனை மனதில் வைத்து அளவெடுத்தது எனக்கு ஆச்சரியமில்லை.

இப்போது கௌராமி ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். கானோரத்துச் சேம்பிலையைப் பறித்துவந்து போடுவது அத்தைதான். தடித்த உதட்டால் இலையின் விளிம்பைக் கவ்வி, தலையை ஒரு வெட்டு வெட்டிக் கிழித்துத் தின்னும். நடுநரம்பு மட்டும் மிதக்கும். தொட்டி பெரிது என்ற பேச்சை அவர் இன்னும் விடவில்லை. விடவேண்டியதும் இல்லை, அத்தனை இடத்தை மீனுக்குக் கொடுக்க முடியாத வீடுகள்தான் இங்கே அதிகம்.

அப்படிப்பட்ட வீட்டுக்காரர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெரிய சாதி மீன் வேண்டாம். ஏற்கெனவே வாங்கி அது வளர்ந்துவிட்டிருந்தால், பாவம் பார்ப்பதாக நினைத்து ஆற்றிலோ குளத்திலோ விடாதீர்கள். பெரிய தொட்டி உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டுத் தொட்டிகளுக்கென்று கொண்டுவந்த டேங்க் கிளீனரும் கத்தி மீனும் இந்த நாட்டு நீர்நிலைகளில் பரவி, அங்கிருந்த மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சின்ன இடத்துக்குக் கப்பி நல்ல மீன். முழுதாக வளர்ந்தாலும் இரண்டு அங்குலம்தான்.